டீசலை இறக்கி வைத்த படகு

ஸ்வீடனின் யோத்தா கால்வாயில் எந்தப் படகும் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இதைவிட விரைவாகப் போய்விடுவார்கள். கையால் வெட்டி எழுப்பிய மண்கரைகளைப் படகின் அலை அரித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்திய பழைய பாய்மரப் படகு ஒன்றில் இந்தக் கால்வாயைக் கடந்தபோது, மின்மோட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான நீர்வழி ஐரோப்பாவில் இருக்குமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பால்டிக் கடலோரத்து மெம் என்ற சிற்றூரில் கால்வாய் தொடங்குகிறது. மேற்கே, வெனர்ன் ஏரிக்கரையில் உள்ள ஷோதோர்ப்பில் முடிகிறது. மொத்தம் 190 கிலோமீட்டர். அதில் வெட்டியது 87 கிலோமீட்டர். மீதித் தூரத்தை ஏரிகள் தருகின்றன. வழியில் படகை ஏற்றி இறக்க 58 லாக்குகள், அதாவது கதவு வைத்த நீரறைகள். கடலிலிருந்து 91.8 மீட்டர் உயரம் வரை ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். 1810 முதல் 1832 வரை 58,000 பேர், பெரும்பாலும் படைவீரர்கள், இதை வெட்டினார்கள். கடற்படை அதிகாரி பால்ட்சார் வான் பிளாட்டனின் கனவு இது. வழித்தடத்தை வகுக்க ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் வந்து உதவினார். சரக்குப் போக்குவரத்துக்காகக் கட்டிய கால்வாய். ஆனால் 1862-இல் ஸ்டாக்ஹோமையும் யோத்தபோரியையும் ரயில் இணைத்துவிட்டது. அவசரமானவை எல்லாம் தண்டவாளத்துக்குப் போயின. கால்வாயில் மிஞ்சியது, அவசரமில்லாத படகுகள்.

நான் ஏறிய படகு ஆல்பின் வேகா. பெர் ப்ரூஹெல் வரைந்த வடிவம். 1960-களின் நடுவிலிருந்து 1979 வரை, வெனர்ன் ஏரியின் வடகரையில் உள்ள கிரிஸ்டினெஹாம்ன் ஊரில் 3,400-க்கும் மேற்பட்ட வேகாக்கள் வார்க்கப்பட்டன. நீளம் 8.25 மீட்டர், எடை 2.3 டன். கண்ணாடியிழையை எவ்வளவு மெல்லியதாகப் போடலாம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலம்; அதனால் தாராளமாகப் போட்டார்கள். அமெரிக்கரான மேட் ரூதர்ஃபோர்ட் இப்படியொரு வேகாவில் 2011-இல் புறப்பட்டு, ஆர்க்டிக்கின் வடமேற்குப் பாதை வழியாகவும் ஹார்ன் முனை வழியாகவும் இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் தனியாளாக, எங்கும் கரையிறங்காமல், 309 நாளில் சுற்றி வந்தார். அவர் கிளம்பியபோதே அந்த உடலுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

இந்தப் படகுகளில் உடல் சாவதில்லை, எஞ்சின்தான் சாகிறது. ஸ்வீடனின் துறைகளில் பாசி படர்ந்து கிடக்கும் எழுபதுகளின் படகுகள் பலவற்றின் கதை இதுதான். எஞ்சின் ஓடாது, உதிரி பாகம் கிடைக்காது, புது டீசல் எஞ்சினின் விலை படகின் விலையைத் தாண்டிவிடும். கண்ணாடியிழையை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. அறுத்துப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். மின்மோட்டார் மாற்றத்தைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பேசுகிறவர்கள் புகையைப் பற்றியே பேசுகிறார்கள். இன்னும் ஐம்பது ஆண்டு மிதக்கக்கூடிய ஓர் உடலைக் குப்பைக்குப் போகாமல் நிறுத்துவது அதைவிடப் பெரிய லாபம் என்பது என் எண்ணம்.

படகுக்காரர் பள்ளியில் மரவேலை கற்பித்து ஓய்வுபெற்றவர். எஞ்சின் இறங்கிய கதையை மெம்மிலிருந்து சோடர்ஷோப்பிங் தாண்டி நோர்ஷோல்ம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். சொல்ல முடிந்தது, கேட்கவும் முடிந்தது. பழைய எஞ்சின் ஓடியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. அது ஒரு வால்வோ பென்டா. 10 குதிரைசக்தி, முழுக்க வார்ப்பிரும்பு. பாயின் அடிக்கழியிலேயே கப்பி மாட்டி அதை மேலே தூக்கினார்கள். அதோடு டீசல் தொட்டி, வடிகட்டிகள், புகைக்குழாய், குளிர்நீர்க்குழாய் எல்லாம் வெளியேறின. நீர் உறிஞ்சும் துளையையும் புகைபோகும் துளையையும் கண்ணாடியிழை போட்டு அடைத்தார். படகின் உடலில் ஒவ்வொரு துளையும் ஒரு கவலை. இரண்டு கவலை குறைந்தது. அடிப்பள்ளத்தில் நாற்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு. அதைச் சுரண்டிக் கழுவித் துடைத்து வெள்ளை வண்ணம் அடிக்க மட்டும் ஒரு வசந்தகாலம் போயிருக்கிறது.

மோட்டார் சின்னது. ஒரு கையால் அணைத்துத் தூக்கிவிடலாம். 48 வோல்ட்டில் 6 கிலோவாட் தரும் நிரந்தரக் காந்த மோட்டார், காற்றிலேயே குளிரும். அதிலிருந்து பல் வைத்த பெல்ட் ஒன்று வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஷாஃப்டைச் சுழற்றுகிறது. பெரிய ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் வீணாகக் குழம்பாது. இந்த வேலையில் பலர் கவனிக்காமல் விடும் ஓர் இடத்தை அவர் தரைப்பலகையைத் திறந்து காட்டினார். ப்ரொப்பல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது, அந்த உதைப்பு ஷாஃப்ட் வழியாக முன்னால் வருகிறது. அதனால்தானே படகு முன்னே போகிறது! முன்பு அந்த உதைப்பை டீசல் எஞ்சினின் கியர்பெட்டி தாங்கியது. கியர்பெட்டி போனபின் அதைத் தாங்க யாராவது வேண்டும். மோட்டாரின் பேரிங் அதற்காகச் செய்ததல்ல. அதனால் உதைப்பைத் தாங்கும் தனி பேரிங் ஒன்றை, பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த மேடையில் இறுகப் பூட்டியிருந்தார். மோட்டார் பக்கத் தட்டும் ஷாஃப்ட் பக்கத் தட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் இணையாக நிற்கும்வரை தகடு வைத்துத் தகடு எடுத்து நேர்செய்தாராம். நாற்பது ஆண்டு மரத்தை இழைத்த கைக்கு அந்த வேலை அந்நியமாக இருந்திருக்காது.

பேட்டரி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கோபால்ட், நிக்கல் கிடையாது. எளிதில் தீப்பிடிக்கும் வகையும் அல்ல. ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட், 280 ஆம்பியர் மணி. அப்படிப் பதினாறு வரிசையாக. கூட்டிப் பார்த்தால் 14 யூனிட் மின்சாரம். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் பார்க்கும் அதே யூனிட். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சிறிய படகு எஞ்சின் அதில் கால்பங்கைத்தான் ஷாஃப்டுக்குத் தரும், மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். அந்தக் கணக்கில் இவ்வளவு பேட்டரியும் சேர்ந்து ஐந்து லிட்டர் சொச்சம் டீசலுக்குச் சமம். ஐந்தே லிட்டர்! ஒரு கேனில் கையில் எடுத்துப் போகிற அளவு. மின்படகைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த எண்ணை மறைக்காமல் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்து லிட்டரை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு தூரம் வர முடிகிறது என்பது நோர்ஷோல்மைத் தாண்டி ரொக்சன் ஏரியில் புரிந்தது. காற்றே இல்லை. ஏரி நடுவில் அவர் சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டு, மோட்டாரின் கைப்பிடியை மெல்ல மெல்ல முன்னே தள்ளி, மீட்டரில் வரும் எண்களைப் படிக்கச் சொன்னார். 4 நாட்டில் மோட்டார் இழுத்தது 1.3 கிலோவாட். 5 நாட்டில் 3 கிலோவாட். கைப்பிடியை முழுதாகத் தள்ளியபோது படகின் பின்புறம் அமிழ்ந்தது, அணியம் தூக்கியது, பின்னால் பெரிய அலை எழுந்தது. வேகம் 6 நாட்டைத் தொட, மீட்டர் 6 கிலோவாட்டைத் தாண்டியது.

படகு எழுப்பும் அலை வேகத்தோடு சேர்ந்து நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டும்போது, படகு தன் அலையின் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. அதற்குமேல் போக மலையேற வேண்டும். வேகாவின் நீர்க்கோட்டு நீளம் 7 மீட்டர். அதன் எல்லை ஆறரை நாட்டுக்குச் சற்றுக் கீழே. அந்த எல்லையை நெருங்க நெருங்க ஆற்றல் செலவு கடகடவென்று ஏறுகிறது. முதல் நாலு நாட் கிட்டத்தட்டச் சும்மா கிடைக்கிறது. கடைசி இரண்டு நாட்டுக்குத்தான் டீசல் எஞ்சின் வைத்திருந்தோம். 4 நாட்டில் போனால் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை இருப்பு வைத்துவிட்டே எட்டு ஒன்பது மணி நேரம், முப்பத்தைந்து கடல்மைல் போகலாம். 6 நாட்டில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். தூரம் பதினொரு கடல்மைல். டீசல் தொட்டி இருந்தவரை இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை, அதனால் கண்ணில் படவும் இல்லை.

ரொக்சனின் மேற்குக்கரையில் பெர்க். இங்கே கார்ல் யோஹான் படிவரிசை என்ற ஏழு லாக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன. ஒன்றின் மேல்கதவு அடுத்ததின் கீழ்க்கதவு. 18.8 மீட்டர் ஏற்றம். கீழே ஏரியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், மேல்படியில் வரும் படகின் பாய்மரம் புல்மேட்டுக்கு மேலே மரங்களுக்கு நடுவில் நகர்வது தெரிகிறது.

கீழ்க்கதவு சாத்தியதும் மேலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. அணியத்தை நோக்கிப் பொங்கி வரும் அந்தத் தண்ணீர் இரண்டு டன் படகைப் பிடித்து உலுக்குகிறது. ஒருவர் கரையில் நடந்து கயிற்றை வளையத்தில் மாட்டிக்கொண்டே வர வேண்டும்; படகில் இருப்பவர் முன்கயிற்றை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் தளர்ந்தால் அணியம் திரும்பிப் பக்கத்துப் படகில் போய் முட்டும். கயிறு என் கையில் இருந்தது. முதல் இரண்டு அறைகளில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. மூன்றாவதில்தான் மூச்சு வந்தது, எங்களோடு ஏறிய மற்றப் படகுகளைக் கவனித்தேன். உயர்ந்த கற்சுவர்களுக்கு நடுவில் அவற்றின் டீசல் புகை போக வழியில்லாமல் தண்ணீர் மேலேயே படுத்திருந்தது. அடுத்த அறைக்குப் போகும் நேரம் எப்போது வரும் என்று தெரியாததால் எஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார்கள். எங்கள் மோட்டார் நின்றிருந்தது. கதவு திறந்ததும் கைப்பிடியை ஒரு விரல் அளவு தள்ளினார். முதல் சுற்றிலிருந்தே முழு இழுவிசை, படகு நகர்ந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் எதிர்த்திசையில் ஒரு விரல். கியர் மாறும் இடிச்சத்தம் இல்லை.

கால்வாய்ப் பயணத்தில் பாதி நேரம் காத்திருப்பதுதான். கதவு திறக்க, பாலம் தூக்க, எதிரே வரும் கப்பல் கடக்க. நிற்கும் நேரத்தில் எதுவும் தின்னாத இயந்திரம் அங்கே எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பது எந்த விளம்பரத்திலும் வராத செய்தி. ஏழு படியும் ஏறி முடித்தபோது மீட்டரில் கணிசமாக எதுவும் குறைந்திருக்கவில்லை.

பெர்க்கிலிருந்து மோத்தாலா வரை கால்வாய் வயல்களுக்கு மேலே ஓடுகிறது. சமவெளியைக் கீழே பார்த்துக்கொண்டு போகலாம். ஓரிடத்தில் நெடுஞ்சாலை கால்வாயின் அடியில் புகுந்து போகிறது. போரென்ஸ்பெர்க்கில் லாக் கதவை இன்னும் கையால்தான் திறக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு வேலைக்கு வந்த மாணவி ஒருத்தி திருகுகட்டையைச் சுற்றி, தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். நாங்கள் போகும் சத்தம் கேட்காததால், எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மோத்தாலாவில் வான் பிளாட்டனின் கல்லறை கால்வாய்க் கரையிலேயே இருக்கிறது. திறப்பு விழாவுக்கு மூன்று ஆண்டு முன்பு, 1829-இல் இறந்துபோனார். கால்வாய்க்கு வேண்டிய இரும்பு வேலைகளுக்காக அவர் 1822-இல் தொடங்கிய பட்டறை பின்னாளில் ஸ்வீடனின் இயந்திரத் தொழிலுக்கே தாய்வீடானது. அங்கே 1874-இல் கட்டிய யூனோ என்ற பயணிகள் கப்பல் இன்றும் இந்தக் கால்வாயில் ஓடுகிறது. கதவுகளுக்கிடையில் விரலிடை விட்டு அது நுழைந்து போவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடும். நீராவியில் பிறந்த கப்பல் அது. கடந்த நூற்றாண்டில் கொதிகலனை இறக்கிவிட்டு டீசலுக்கு மாறியது. அப்போதும் யாராவது, நீராவி இல்லாத யூனோ யூனோவே அல்ல என்று சொல்லியிருப்பார்கள். மின்மோட்டார் வைத்தால் பழைய படகின் உயிர் போய்விடும் என்று இன்று சொல்கிறவர்களுக்கு, அந்தக் கப்பல் கடந்து போவதைக் காட்டினால் போதும்.

மோத்தாலாவுக்கு மேற்கே வெட்டர்ன் ஏரி. தெற்கு வடக்காக 135 கிலோமீட்டர் நீண்டு, 128 மீட்டர் ஆழம் போகும் நீர். சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்கு இதுவே குடிநீர். தெளிவு என்றால் அப்படியொரு தெளிவு. இரண்டு கரைக்கும் நடுவே காற்று சொல்லாமல் எழும் என்பதால் உள்ளூர்க்காரர்கள் மரியாதையோடு கடக்கும் ஏரி. மறுகரையின் கார்ல்ஸ்போர்க் கோட்டைக்கு சுமார் முப்பது கிலோமீட்டர். மோட்டாரை மட்டும் நம்பி இதில் இறங்கமாட்டேன் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எதிர்க்காற்றும் குட்டையான செங்குத்து அலையும் சேர்ந்தால் 4 நாட்டுக்கு வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு மூன்று மடங்காகும். ஐந்து லிட்டரின் எல்லை அங்கேதான் தெரியும். டீசல்காரர் தொட்டியை நம்பிக் கிளம்பிவிடுவார். நாங்கள் துறையில் உட்கார்ந்து காற்று திரும்பக் காத்திருந்தோம்.

திரும்பியது. தென்காற்று, பக்கவாட்டில். இரண்டு பாயும் ஏறின. வேகா சாய்ந்து, ஐந்தரை நாட்டில் பாய்ந்தது. நடு ஏரியில் அவர் மோட்டாரை மின்னாக்கியாக மாற்றினார். இப்போது படகு ஓடும் வேகத்தில் தண்ணீரே ப்ரொப்பல்லரைச் சுற்ற, மோட்டார் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுந்தது. படகின் வேகம் கால் நாட்டுக்கு மேல் குறைந்தது. மீட்டர் 150 வாட் காட்டியது. நாலு மணி நேரம் இப்படிப் போனாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. பாய் விரித்தாலே பேட்டரி நிறைந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி யாரும் சிறிய படகில் இதைச் செய்யக் கூடாது. பெரிய ப்ரொப்பல்லரும் 7, 8 நாட் வேகமும் உள்ள நீண்ட படகுகளில் அதற்குப் பொருள் இருக்கிறது. இந்தப் படகில் அது விளக்குக்கும் ரேடியோவுக்கும் ஆகும். அதுவும் நல்லதுதான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. முன்பெல்லாம் காற்று சற்றுத் தளர்ந்தாலே எஞ்சினை முடுக்கிவிடுவேன், பாயை மடித்துவிடுவேன் என்றார் அவர். இப்போது யோசிக்கிறார். காற்று தளர்ந்தபோது பாயை இறக்காமலே மோட்டாரை அரைக் கிலோவாட்டில் மெல்ல ஓடவிட்டார். அந்தச் சிறு தள்ளல் படகுக்கு எதிரே ஒரு காற்றை உண்டாக்க, தொங்கிய பாய் மறுபடி விறைத்தது. இரண்டும் சேர்ந்து மூன்றரை நாட். பாய்மரப் படகு என்று பெயர் வைத்துக்கொண்டு பாயை உறையிலேயே வைத்திருந்த வேகா, டீசலை இழந்தபின் பாயை விரிக்கக் கற்றிருக்கிறது.

கார்ல்ஸ்போர்க் துறையில் மாலை கேபிளை மாட்டினோம். 230 வோல்ட், 10 ஆம்பியர்; வீட்டுச் சமையலறை இணைப்பு போலத்தான். இரவில் ஆறேழு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். ஸ்வீடனின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்நிலையங்களிலிருந்தும் அணு உலைகளிலிருந்தும் காற்றாலைகளிலிருந்தும் வருவதால், புகையை வேறிடத்துக்குத் தள்ளிவிட்ட குற்ற உணர்வும் இல்லை. குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இந்தவகை செல்களை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பாழாகும். படகைக் கரையேற்றும்போது பாதி சார்ஜில் நிறுத்தி இணைப்பைக் கழற்றிவிடுவாராம். டீசல் எஞ்சினுக்குக் குளிர்நீர் வடித்து, உறையாத திரவம் ஊற்றி, எண்ணெய் மாற்றிய இலையுதிர்காலங்களோடு ஒப்பிட்டால் இது ஐந்து நிமிட வேலை. செலவு? புது டீசல் எஞ்சின் வாங்கிப் பொருத்தியிருந்தால் ஆகியிருக்கும் தொகைதான் என்றார். உழைப்பு அவருடையது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூலி கொடுத்துச் செய்பவருக்குக் கணக்கு வேறு.

ஃபோர்ஷ்விக்கில் 1813-இல் கட்டிய, கால்வாயின் மிகப் பழைய லாக். அதில் ஏறினால் வீக்கன் ஏரி; இதுதான் உச்சி. பாறைத்தீவுகளுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் அந்த ஒடுக்கமான வழியில் இரண்டு கிலோவாட்டுக்குக் கீழேயே ஓடினோம். மீன்கொத்திப் பருந்து ஒன்று எங்களுக்கு முன்னே தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. தோத்தோர்ப்பில் இன்னொரு கையியக்கக் கதவு, அதன்பின் இறக்கம்தான். இறங்கும் லாக்கில் தண்ணீர் அமைதியாக வடியும், கயிற்றை விட்டுக்கொடுத்தால் போதும். தோரெபோடாவில் கையால் சுற்றி இயக்கும் லீனா, ஸ்வீடனின் மிகச் சிறிய படகுச் சேவை, சைக்கிள்காரர்களை அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தது.

ஷோதோர்ப்பில் கடைசிக் கதவுகள் திறக்க, வெனர்ன். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே பெரிய ஏரி, எதிர்க்கரை தெரியவில்லை. இந்த வேகா பிறந்த கிரிஸ்டினெஹாம்ன் வடக்கே இருக்கிறது. அங்கே போக அவருக்கு மேற்குக்காற்று வேண்டும். வானிலை அறிக்கை இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றது. நான் மறுநாள் பேருந்தில் மாரியெஸ்தாத் போவதாக இருந்தேன்.

மாலையில் பக்கத்துப் படகுக்காரர் வந்தார். அவருடையதும் எழுபதுகளில் செய்தது, ஒரு மாக்சி 77. எஞ்சின் இருமிக்கொண்டே துறைக்குள் வந்ததை எல்லோரும் கேட்டிருந்தோம்.

"இது எவ்வளவு தூரம் போகும்?" என்றார்.

"எவ்வளவு வேகத்தில்?" என்று கேட்டுவிட்டு, எங்கள் ஆள் ரொக்சனில் நான் படித்துச் சொன்ன எண்கள் எழுதிய நோட்டை எடுத்து நீட்டினார். வந்தவர் அதை நின்றபடி இரண்டு முறை படித்தார். பிறகு தன் படகுக்குக் கூட்டிப்போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர் முட்டிபோட்டு உட்கார்ந்து, பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, எஞ்சின் மேடையின் அகலத்தை அளக்கத் தொடங்கினார். டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன்.